ஒட்டாத கொக்கியும் உரியாத சீட்டும்

ராத்திரி இரண்டரை மணிக்கு எங்கள் வீட்டுச் சமையலறையில் ‘டமார்’ என்று ஏதாவது விழுந்தால் யாரும் திருடன் என்று பயப்படுவதில்லை. என் மனைவி கண்ணைக்கூடத் திறக்காமல், “உங்க கொக்கிதான். போய் எடுத்து வைங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

கொக்கி என்றால் ஆணி அடித்து மாட்டுகிற கொக்கி இல்லை. பின்னாலிருக்கும் தாளை உரித்துவிட்டுச் சுவரில் ஒட்டுகிற கொக்கி. மூன்று கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. நான் மாட்டியது மூன்று கிலோ அல்ல, ஒரு ஜல்லிக்கரண்டி. கரண்டி மட்டும் விழுந்திருந்தால் மன்னித்திருப்பேன். கரண்டியோடு கொக்கியும், கொக்கியோடு உள்ளங்கை அகலத்துக்கு டிஸ்டெம்பரும், டிஸ்டெம்பரோடு கொஞ்சம் சுவரும் சேர்ந்து, கவிழ்த்து வைத்திருந்த இட்லிக் கொப்பரையின் மேல் இறங்கியிருந்தன.

விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கொக்கி இருந்த இடத்துக்கு நாலு விரற்கடை மேலே ஒரு பல்லி. தலைகீழாக. பசை கிடையாது, டேப் கிடையாது, அட்டையில் எழுதிய உத்தரவாதம் கிடையாது. என்னைப் பார்த்து வாலை ஒரு ஆட்டு ஆட்டியது. ஐம்பது வயதில் ஒரு மனிதன் பல்லியிடம் பொறாமைப்படக் கூடாதுதான். பட்டேன்.

என் கஷ்டத்தை முழுதாகப் புரிந்துகொள்ள உங்களுக்குக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒட்ட வேண்டியது ஒட்டாது, உரிய வேண்டியது உரியாது. கல்யாணத்துக்கு என் மனைவியின் சித்தப்பா கொடுத்த எவர்சில்வர் தாம்பாளத்தின் நட்டநடுவில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. பதினேழு வருஷமாக நானும் அதை எடுக்கப் பார்க்கிறேன். நகத்தால் சுரண்டினேன். தேங்காயெண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன். மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். கடைப் பெயர் போய்விட்டது, தேதி போய்விட்டது, விலை மட்டும் பளிச்சென்று நிற்கிறது. வரலட்சுமி நோன்புக்கு வருகிற பெண்கள் எல்லாரும் சித்தப்பா எவ்வளவு செலவழித்தார் என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெற்றிலை எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் அந்தச் செருப்பு விவகாரம். வார் அறுந்த செருப்பை, நொடியில் பிடிக்கும் என்று சொல்லிக் கடையில் கொடுத்த பசையை வைத்து ஒட்டினேன். நொடியில்தான் பிடித்தது. செருப்பை அல்ல, என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும். அன்றைக்கு முழுக்க வலது கையில் சின்முத்திரையோடு ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் என் சீட்டைக் கடக்கும்போதெல்லாம் தட்சிணாமூர்த்தி சந்நிதியைக் கடப்பவர் மாதிரி கொஞ்சம் தயங்கித்தான் போனார்.

ஆகவே கொக்கி விழுந்த மறுநாள் காலையில், “இவர் ஒட்டினது எதும்மா இந்த வீட்டுல நின்னிருக்கு?” என்று மனைவி தன் அம்மாவிடம் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் கேட்டு முடித்த அதே நொடியில் சுவரிலிருந்து ‘இச் இச் இச்’ என்று சத்தம் வந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாமியார் பயபக்தியோடு விரலை மடக்கித் தரையில் மூன்று தட்டுத் தட்டி, “பாத்தீங்களா மாப்பிள்ளை, பல்லியே சொல்லுது” என்றார். பல்லி சொன்னால் அப்பீல் கிடையாது.

இந்த நிலைமையில்தான் ஒன்பதாவது படிக்கிற என் மகன் போனை நீட்டி, “அப்பா, இந்தப் படத்துல ஒரு பல்லி இருக்கு, கண்டுபிடிங்க பாப்போம்” என்றான்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு காய்ந்த குச்சி, அதில் நாலைந்து சருகுகள், அவ்வளவுதான். ஒரு சருகைக் காட்டி, “இதோ” என்றேன். “அது இலைப்பா.” இன்னொன்றைக் காட்டினேன். “அதுவும் இலை.” மூன்றாவதாகக் குச்சியைக் காட்டினேன். அவன் என் விரலைப் பிடித்து நகர்த்தி, இரண்டு நிமிஷத்துக்கு முன் நான் ‘இது நிச்சயமாக இலை’ என்று தள்ளிவிட்ட சருகின் மேல் வைத்தான். சருகுக்குக் கண் இருந்தது.

சொல்லக் கூடாது, அப்படி ஒரு சருகு. வால் அசல் உலர்ந்த இலை. ஓரத்தில் பூச்சி அரித்த மாதிரி பொத்தல், நடுவில் நரம்பு, மக்கிப்போன பழுப்பு நிறம். உடம்பும் சுருண்ட இலை மாதிரியே மடிந்திருக்கிறது. கண்ணுக்கு மேலே கொம்பு மாதிரி இரண்டு முனை. அதனால் இதற்குச் சாத்தான் இலைவால் பல்லி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1888-ல் லண்டன் மியூசியத்தில் இருந்த பௌலெஞ்சர் என்ற விலங்கியல்காரர் வைத்த விஞ்ஞானப் பெயர் உரோபிளாட்டஸ் ஃபான்டாஸ்டிகஸ். பெயரிலேயே ‘அடேயப்பா’ என்று வியந்திருக்கிறார் மனுஷன். இதன் வகையறா முழுவதும் மடகாஸ்கர் தீவில்தான் இருக்கிறது, உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. பகலெல்லாம் சருகாகக் கிடந்துவிட்டு, இருட்டிய பிறகு பூச்சி பிடிக்கக் கிளம்பும். யாராவது கண்டுபிடித்துத் தொல்லை கொடுத்தால், செக்கச் செவேல் என்று வாயைப் பிளந்து பயமுறுத்தும். கண்ணுக்கு இமை கிடையாது. தூசி பட்டால் நாக்கை நீட்டித் தானே துடைத்துக்கொள்ளும்.

“இதைக் கண்டுபிடிக்க முடியலையேன்னு நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க” என்று மகன் ஆறுதல் சொன்னான். அந்த வம்சத்தில் விஞ்ஞானிகளையே ஏமாற்றிய ஆள் ஒன்று இருக்கிறதாம். 2000-ஆம் ஆண்டிலேயே வட மடகாஸ்கரில் கண்ணில் பட்டும், அது தனி இனம் என்று உறுதியாகி உரோபிளாட்டஸ் கரமாசோ என்று பெயர் வைக்க 2023 ஆகிவிட்டது. ஒரு சாண் நீளம், அதாவது இருபது சென்டிமீட்டர் இருக்கிற பல்லி. அச்சாக அதே மாதிரி இன்னொரு இனம் இருந்ததால் வந்த குழப்பம். வித்தியாசங்களில் ஒன்று நாக்கு நுனி. அதற்குக் கறுப்பு, இதற்கு இளஞ்சிவப்பு. டாக்டர் மாதிரி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துத்தான் ‘நீ வேறு, அவன் வேறு’ என்று பிரித்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

தெம்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஒளிந்துகொள்வதில் எனக்கும் அனுபவம் இருக்கிறது, வெற்றிதான் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பரண் சுத்தம் செய்யும் நாள். அந்த நாளில் நான் மறைந்துபோக எத்தனையோ வழி பார்த்திருக்கிறேன். போன மாதம் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், மூச்சை அடக்கிக்கொண்டு, மாட்டியிருந்த பழைய சட்டைகளோடு ஒரு பழைய சட்டையாக நின்றேன். பின்னால் எரிந்த டியூப்லைட் என் நிழலைத் தொப்பையோடு சேர்த்து ஹால் நடுவே கொண்டுபோய்ப் போட்டது. மனைவி நிழலைப் பார்த்துப் பேசினாள். “ஏணி பின்கட்டுல இருக்கு.”

மடகாஸ்கர்க்காரன் இந்த நிழல் விஷயத்தில்தான் மேதாவி. அந்த வம்சத்தில் பெரிய உருப்படிகள் பகலில் மரத்தின் அடித்தண்டில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு தூங்கும். தாடையிலிருந்து விலா, கால் வரைக்கும் உடம்பைச் சுற்றித் தோலால் ஆன கொசுவம் உண்டு. மரத்தோடு படிந்ததும் அந்தக் கொசுவத்தை விரித்துப் பட்டையோடு பட்டையாக அழுத்திவிடும். மரம் எங்கே முடிகிறது, பல்லி எங்கே ஆரம்பிக்கிறது என்கிற கோடே தெரியாது. உடம்புக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தானே நிழல் விழும்? எனக்கு நிறம் பிரச்சினையே இல்லை, விளிம்புதான் பிரச்சினை என்று அன்றைக்குப் புரிந்தது. விளிம்பு என்று கௌரவமாகச் சொல்கிறேன்.

அது கிடக்கட்டும். என் பிரச்சினை கொக்கி. மடகாஸ்கர் பல்லியும் என் சமையலறைப் பல்லியும் எதை வைத்து ஒட்டிக்கொள்கின்றன என்று நாலு நாள் உட்கார்ந்து படித்தேன். ஆபீஸ் பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. படித்திருந்தால் சின்முத்திரையோடு உட்கார மேனேஜர் சீட்டே கிடைத்திருக்கும்.

பல்லி தலைகீழாக ஓடுவது அரிஸ்டாட்டில் காலத்திலேயே தெரிந்த சங்கதி. மரங்கொத்தியைப் பற்றி எழுதும்போது, பல்லி மாதிரி இதுவும் தலைகீழாக மரத்தில் ஓடும் என்று குறித்திருக்கிறார். எப்படி ஓடுகிறது என்பதற்குத்தான் ரொம்ப நாள் பதில் இல்லை. பசையா என்றால், காலில் பசை சுரக்கும் சுரப்பியே கிடையாது. காற்றை உறிஞ்சிப் பிடிக்கிறதா என்றால், வெற்றிடத்தில் வைத்துப் பார்த்தும் பிடி விடவில்லை. சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதம் ஒட்டுமே, அந்த மாதிரி மின்சாரமா என்று 1934-ல் டெல்லிட் என்ற ஜெர்மானியர் எக்ஸ்-கதிரால் காற்றை மின்கடத்தியாக்கி, காலில் மின்னூட்டம் தங்காதபடி செய்து பார்த்தார். பல்லி அசரவில்லை.

விஷயம் துடைப்பத்தில் இருக்கிறது. பல்லியின் விரலடியைப் பெரிதாக்கிப் பார்த்தால் வரிவரியாக முடி. தென்கிழக்காசியாவில் டோக்கே என்று ஒரு தடிப்பல்லி உண்டு, ‘டோக்கே டோக்கே’ என்று தன் பெயரைத் தானே சொல்லிக் கத்தும். அதன் ஒரு பாதத்தில் மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் முடி. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம். நாள்பட்ட தென்னந்துடைப்பத்தின் நுனி பிளந்து பிளந்து போகுமே, அப்படி ஒவ்வொரு முடியும் நுனியில் நூற்றுக்கணக்கான இழைகளாகப் பிரிகிறது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் அந்த இழைநுனி பிடிபடாது, அவ்வளவு பொடி.

இந்தப் பொடி நுனிகள் சுவரை நெருங்குகிற நெருக்கம் இருக்கிறதே, அதுதான் ரகசியம். எந்த இரண்டு பொருளையும் அணுக்கள் உரசுகிற அளவுக்கு நெருங்க வைத்தால் அவற்றுக்குள் ஒரு சின்ன ஈர்ப்பு உண்டாகும். 1910-ல் நோபல் பரிசு வாங்கிய டச்சுக்காரர் வான் டெர் வால்ஸ் பெயரில் அதைச் சொல்வார்கள். நம் கை சுவரில் படுவது நமக்குத்தான் ஒட்டின மாதிரி. உண்மையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு மேட்டில் மட்டும்தான் படுகிறது. பல்லியின் நுனிகளோ ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஒரு நுனியின் ஈர்ப்பு ஒன்றுமே இல்லை. கோடிக்கணக்கில் சேர்ந்தால்? ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தால் பேசி அனுப்பிவிடலாம். கல்யாண வீட்டில் மொத்தமாக வந்தால் உங்களால் அசைய முடியுமா? அதே தத்துவம்தான்.

2000-ல் அமெரிக்காவில் கெல்லர் ஆட்டம் என்பவரும் கூட்டாளிகளும் ஒரே ஒரு முடியைத் தனியாகப் பிடித்து அதன் பலத்தை அளந்தார்கள். ஒற்றை முடி ஒரு எறும்பின் எடையைத் தாங்கும். இரண்டு வருஷம் கழித்து, இது வான் டெர் வால்ஸ் ஈர்ப்புதான் என்றும் காட்டினார்கள். டோக்கேயின் எல்லா முடியும் ஒரே சமயத்தில் பிடித்தால் 130 கிலோ தாங்கும் என்று கணக்கு. நானும் என் மாமியாரும் சேர்ந்து தொங்கலாம். நினைத்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டினேன்.

ஆனால் என்னை அடித்துப் போட்டது இதெல்லாம் இல்லை. இத்தனை பலமாகப் பிடிக்கிற காலை அது எப்படி எடுக்கிறது என்பதுதான். நம்மைப் போல வெடுக்கென்று இழுப்பதில்லை. விரல் நுனியை மேல்பக்கமாகச் சுருட்டி, நுனியிலிருந்து உரிக்கிறது. முடி சுவரோடு முப்பது டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் போதும், பிடி தானாக விட்டுப்போகிறது. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். அட்டை கழன்று, டிஸ்டெம்பர் கிழிந்து, சீட்டு பாதி நின்று என்று எந்த ரகளையும் கிடையாது. தூசி பட்டால்கூட, நாலு எட்டு நடந்தாலே கால் தானாகச் சுத்தமாகிவிடும் என்று 2005-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒட்டுவது யாருக்கும் வரும். தாம்பாளச் சீட்டுக்குக்கூட வருகிறது. விடுவதுதான் வித்தை.

இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு மனிதன் சும்மா இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. ஏனென்றால் படித்ததன் கடைசியில் ஒரு வரி இருந்தது. பல்லி எதிலும் ஒட்டும், காய்ந்த டெஃப்லானைத் தவிர. டெஃப்லான் என்றால் நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருக்கிற அதே சமாசாரம். கொக்கி விழுந்த ராத்திரி என்னைப் பார்த்து வாலாட்டிய பல்லி ஒரு முறையாவது வழுக்கி விழுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

ராத்திரி பத்து மணி. எல்லாரும் ஹாலில் டிவி பார்க்கிறார்கள். மனைவி போன வாரம்தான் வாங்கிய புதுத் தோசைக்கல்லை எடுத்தேன். விஞ்ஞானப் பரிசோதனை ஆயிற்றே, சுத்தமாக இருக்க வேண்டாமா? குழாயில் நன்றாகக் கழுவினேன். இங்கேதான் விதி சிரித்தது. நான் படிக்காமல் விட்ட அடுத்த வரியில், 2013-ல் ஆக்ரன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கண்டுபிடித்தது இருந்திருக்கிறது. காய்ந்த டெஃப்லானில் நிற்காத பல்லி, தண்ணீருக்குள் வைத்தால் அதே டெஃப்லானில் பிடித்துக்கொள்ளும். என் தோசைக்கல்லில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தோசைக்கல்லைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, மறுகையில் இருந்த துடைப்பத்தால் பல்லியை அந்தப் பக்கம் விரட்டினேன். அது தயங்கவே இல்லை. கல்லின் மேல் ஏறியது. ஈரம் சொட்டும் டெஃப்லானில், நான் கொடுத்த பாதையில், ராஜநடை போட்டுக் கைப்பிடிக்கு வந்தது. கைப்பிடியிலிருந்து என் முழங்கை. முழங்கையிலிருந்து தோள். நான் “ஐயோ” என்பதற்குள் தலை. என் தலையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. முன்பக்கம் முழுவதும் பளபளவென்று இருக்கும், அன்றைக்கு எண்ணெய் வேறு தேய்த்திருந்தேன். ஒரு பல்லி வழுக்கி விழ உலகத்தில் ஓர் இடம் உண்டென்றால் அதுதான். விழவில்லை. நின்றது. நான் சமையலறை முழுக்கக் குதித்தும் நின்றது. அலுத்துப்போய்த்தான் சுவருக்குத் தாவியது.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். மாமியார் நேராகப் பஞ்சாங்கத்தைத் தேடினார். “எங்க விழுந்தது மாப்பிள்ளை?” “விழலை அத்தை, ஏறினது.” “ஏறினாலும் அதே பலன்தான். எங்க?” “தலையில.” கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தார். “தலையில் விழுந்தால் கலகம்.”

அந்த நொடியில்தான் என் மனைவியின் பார்வை பல்லியிலிருந்து இறங்கி, என் ஒரு கையில் இருந்த துடைப்பத்துக்கு வந்து, மறுகையில் இருந்த தன் புதுத் தோசைக்கல்லுக்குப் போனது. எனக்குப் பஞ்சாங்கத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. அன்றிலிருந்து உண்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே தலைமறைவாகிவிட்டேன், பின்கட்டு வேப்பமரத்தடியில். நல்ல நிழல். பெருமூச்சு விட்டுக்கொண்டு மரத்தில் கையை ஊன்றினேன். கைக்கு அடியில் பட்டை நகர்ந்தது.

துள்ளிக் குதித்துப் பார்த்தால் மரப்பல்லி. சாம்பல் உடம்பு, அதில் அலையலையாகக் கறுப்புக் கோடு, அப்படியே வேம்பின் வெடித்த பட்டை. 1836-லேயே விஞ்ஞானிகள் இதைப் பதிவு செய்து, புதுச்சேரியில் தங்கிச் செடிகொடிகள் சேகரித்த லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரர் பெயரை வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து தெரிந்த ஆளை என் வீட்டு மரத்திலேயே வைத்துக்கொண்டு, நான் மடகாஸ்கர் படத்தில் இலையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டடி மேலே ஏறி மறுபடி மரத்தோடு படிந்தது. ஒரு முறை கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தேன், காணோம். அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் காணோம்.

“ஏங்க!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் யோசிக்கவில்லை. பக்கத்தில் குரு இருக்கும்போது சிஷ்யன் யோசிப்பானா? மரத்தின் அந்தப் பக்கம் போய், கையை விரித்து, கன்னத்தைப் பட்டையில் பதித்து, வயிற்றை உள்ளே இழுத்து, இடைவெளி இல்லாமல், நிழல் இல்லாமல், மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டேன். காலடிச் சத்தம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அமைதி. மரப்பல்லியும் அசையவில்லை, நானும் அசையவில்லை.

“வேப்பமரத்துக்கு மஞ்சத் துணி கட்டிப் பாத்திருக்கேன்” என்றாள் மனைவி. “கட்டம் போட்ட லுங்கி யாரு கட்டினது?”

வெடுக்கென்று விலகியிருந்தால் அவமானமாகியிருக்கும். நான் படித்தவன். வலது கைச் சுண்டுவிரலை முதலில் மேல்பக்கமாகச் சுருட்டினேன். பிறகு மோதிர விரல். பிறகு நடுவிரல். ஒவ்வொன்றாக, நுனியிலிருந்து, மரத்துக்கும் வலிக்காமல் மானத்துக்கும் வலிக்காமல் உரிந்து வந்து, ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பரணில் முதலில் கைக்குத் தட்டுப்பட்டது அந்தத் தாம்பாளம்தான். விலை இன்னும் தெளிவாகத் தெரிகிறது.